உங்களுக்குத் தெரியுமா? டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு பாடலாசிரியர்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் தலையணைகளை அடித்து டிரம்ஸ் பழகிய டேவ் குரோல், உள்ளூர் பங்க் குழுக்களில் வாசித்து, 17 வயதில் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு 'ஸ்க்ரீம்' குழுவில் சேர்ந்தார். 1990-இல் நிர்வாணா ராக் குழுவுக்கு வந்தார். உலகமே அவரை டிரம்மராகக் கொண்டாடியபோது, அவர் சத்தமில்லாமல் சொந்தப் பாடல்களைப் பதிவு செய்துவந்தார். அவற்றில் சில 1992-இல் 'லேட்!' என்ற புனைபெயரில் கேசட்டாக வெளிவந்தன.

1994 ஏப்ரலில் அந்தக் குழுவின் பாடகர் கர்ட் கோபெய்ன் இறந்ததும் நிர்வாணா முடிவுக்கு வந்தது. அந்த அக்டோபரில், சியாட்டில் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றில் ஏறக்குறைய ஒரே வாரத்தில் குரோல் ஒரு முழு ஆல்பத்தையே பதிவு செய்தார். டிரம்ஸ், கிட்டார், பாஸ், குரல் எல்லாம் அவரே! ஒரே ஒரு பாட்டில் மட்டும் நண்பர் கிரெக் டல்லியின் கிட்டார். என்ன ஒரு உழைப்பு! தன் பெயரை முன்னிறுத்த விரும்பாமல், அதற்கு ஒரு குழுவின் பெயர்போல 'ஃபூ ஃபைட்டர்ஸ்' என்று பெயர் வைத்தார். அந்த ஆல்பம் 1995-இல் வெளியானது.