நெருப்பு எரிந்தும் சூடு ஏறாதது ஏன்?

குட்டி விஞ்ஞானியே, வா! இன்று உனக்கு ஒரு புதிர். அடுப்பில் நெருப்பு குறையவே இல்லை. ஆனால் உள்ளே வேகும் இறைச்சியின் சூடு மட்டும் ஏறாமல் மணிக்கணக்கில் நிற்கிறது. ஏன்?

இதைப் பார்க்க அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போக வேண்டும். அங்கே லாக்ஹார்ட் என்றொரு சிறிய ஊர். விறகுப் புகையில் வேகவைக்கும் 'பார்பிக்யூ' இறைச்சிக்குப் பேர்போன ஊர்.

டெக்சாஸில் பயன்படும் ஒரு வகை அடுப்பைக் கிட்டப் போய்ப் பார்ப்போமா? படுக்கவைத்த நீண்ட இரும்பு உருளை அது. பழைய எரிவாயுத் தொட்டியை வெட்டிச் செய்வதும் உண்டு. ஒரு முனையில், சற்றுத் தாழ்வாக, நெருப்புப் பெட்டி. மறுமுனையில் புகைபோக்கி. நடுவில் இறைச்சி. அதன் அடியில் நெருப்பே கிடையாது!

பிறகு எப்படி வேகும்? பெட்டியில் ஓக் விறகு எரிகிறது. சூடான காற்று லேசானது. அது புகைபோக்கி வழியே மேலே ஏறி வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, நெருப்புப் பெட்டியின் கதவு வழியே புதுக் காற்று நுழையும். இப்படிச் சூடும் புகையும் இறைச்சியைத் தடவிக்கொண்டே போகும். விசிறி வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். இதுவரை புரிந்ததா? சபாஷ்!

உருளைக்குள் சூடு சுமார் 120 டிகிரி செல்சியஸ்தான். மாட்டின் மார்பு இறைச்சி வேக 12 மணி நேரம்கூட ஆகும். அது மாட்டின் எடையைத் தாங்கி உழைத்த தசை. அதனால் கொலாஜன் என்ற கெட்டிப் புரதம் அதில் நிறைய இருக்கும். அது மெல்ல மெல்ல ஜெலட்டினாக இளகினால்தான் இறைச்சி மிருதுவாகும். அவசரப்பட்டால் நடக்காது.

இப்போது புதிருக்கு வருவோம். இறைச்சியின் உள்சூடு 70 டிகிரியை நெருங்கியதும் நின்றுவிடும். கொலாஜன் இளகுவதற்கே சூடு செலவாகிறது என்று பலர் நினைத்தார்கள். கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் சோதித்தே பார்த்துவிட்டார். ஈரமான ஸ்பாஞ்சு ஒன்றையும் வெறும் கொழுப்புத் துண்டு ஒன்றையும் சூட்டில் வைத்தார். கொழுப்பின் சூடு நிற்காமல் ஏறியது. ஸ்பாஞ்சின் சூடோ பாதியில் நின்றது! ஸ்பாஞ்சில் கொலாஜன் ஏது? இருந்தது தண்ணீர்தானே!

விடையைப் பிடித்துவிட்டாயா? இறைச்சியின் ஈரம் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கோடையில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதனால்தான். நெருப்பு தரும் சூடும் ஆவி கொண்டுபோகும் சூடும் சமமானால், வெப்பமானி நகராது. மேல்பகுதி உலர்ந்த பிறகு மறுபடி ஏறும்.

ஆனால் பார்பிக்யூ போட்டியில் அதுவரை காத்திருக்க முடியாது; குறித்த நேரத்தில் நடுவர் முன் தட்டை வைத்தாக வேண்டும். அதனால் பலர் இறைச்சியை அலுமினியத் தாளில் இறுகச் சுற்றிவிடுவார்கள். ஆவி வெளியேற வழியில்லை. சூடு மளமளவென்று ஏறும்.

நெருப்பே இல்லாமல் நீயும் இதைச் சோதிக்கலாம். ஒரு கையை மட்டும் நனைத்துக்கொள். இரண்டு கைகளையும் மின்விசிறிக்கு நேரே நீட்டு. எந்தக் கை குளிர்கிறது? ஏன் என்பதை உன் நண்பனுக்கு உன் சொற்களிலேயே சொல்லிக் கொடு. அடுத்தவருக்குப் புரியவைத்த பாடம் உனக்கு என்றைக்கும் மறக்காது.