1,200 டாலருக்குக் கிளிமஞ்சாரோ

கிளிமஞ்சாரோ தேசியப் பூங்காவின் மச்சாமே நுழைவாயிலில் காலையிலேயே கூட்டம் நெரியத் தொடங்கிவிடும். தராசின் முன் சுமைகாரர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். கூடாரம், கேஸ் சிலிண்டர், முட்டை அட்டை, மடக்கு நாற்காலி, பயணியின் பை என்று மூட்டை மூட்டையாக எடை போடப்படும். ஒருவர் தலையில் 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பூங்காவின் விதி. வாயிலுக்கு வெளியே இன்னொரு கூட்டம் காத்திருக்கும். இன்றைக்காவது எந்தக் குழுவுக்காவது ஆள் குறையாதா என்று பொழுது விடியுமுன் வந்து நிற்கும் இளைஞர்கள் அவர்கள். சிலர் காலில் கிழிந்த ரப்பர் ஷூ. மேலே இரவில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும்.

பயணிகளோ பெரும்பாலும் இந்தக் காட்சியைக் கவனிப்பதில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பெயர்ப்பலகை முன் படம் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தாங்கள் கொடுத்த பணம் எங்கே போயிற்று, எங்கே போகவில்லை என்பது அந்தத் தராசடியிலேயே தெரிந்துவிடும்.

தான்சானியாவில் உள்ள கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர் உயரமுள்ள எரிமலை. ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த இடம். வழக்கமான பாதைகளில் கயிறு கட்டி ஏற வேண்டியதில்லை, பனிக்கோடரி வேண்டாம். கால் இருந்தால் போதும் என்பதுதான் இந்த மலைக்குக் கிடைத்த பெயர், அதுவேதான் அதன் ஆபத்தும். 1889இல் ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும் முதன்முதலாக உச்சியை அடைந்தார்கள். இன்று ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் ஏறப் போகிறார்கள். 1991 முதல் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதியில்லை. ஆக, எந்த நிறுவனத்தோடு போகிறோம் என்று ஊரில் உட்கார்ந்து எடுக்கும் முடிவுதான் மலையில் உயிரைக் காப்பதும் கெடுப்பதும்.

அந்த முடிவைப் பெரும்பாலோர் விலையை வைத்து எடுக்கிறார்கள். சரி, விலையையே பார்ப்போம். சமீப ஆண்டுகளின் வீதப்படி வெளிநாட்டுப் பயணி ஒருவருக்கு நாளொன்றுக்குப் பூங்காக் கட்டணம் 70 டாலர், கூடாரமிட ஓர் இரவுக்கு 50 டாலர், மீட்புக் கட்டணம் பயணத்துக்கு 20 டாலர். இவற்றின் மேல் 18 சதவீத வரி. மச்சாமே பாதையில் ஏழு பகல், ஆறு இரவு என்றால் 490, 300, 20 சேர்ந்து 810. வரியோடு ஏறக்குறைய 956 டாலர். இது அரசுக்குப் போகும் பணம். எந்த நிறுவனமும் இதில் பேரம் பேச முடியாது.

இப்போது ஒருவர் அதே ஏழு நாளை 1,200 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 244 டாலர். இதில்தான் வழிகாட்டியின் சம்பளம், சமையல்காரரின் சம்பளம், ஒரு பயணிக்குக் குறைந்தது மூன்று நான்கு சுமைகாரர்களின் கூலி, ஏழு நாள் சாப்பாடு, கூடார வாடகை, ஊர்தி, நிறுவனத்தின் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. கூலியிலோ, ஆக்சிஜன் சிலிண்டரிலோ, சாப்பாட்டிலோ எங்கோ கை வைத்தே தீர வேண்டும். விலை கேட்கும்போதே 'பூங்காக் கட்டணம் எவ்வளவு, மற்றது எவ்வளவு எனப் பிரித்து எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டால் பாதி உண்மை வெளியே வந்துவிடும். தான்சானிய அரசின் சுற்றுலாத் தொழில் உரிமத்தை 'டாலா' என்பார்கள். அதன் நகலையும் தயங்காமல் கேட்கலாம்.

விலை குறைக்க எளிய வழி நாளைக் குறைப்பது. மாரங்கு பாதையில் ஐந்து நாள் பயணம் என்று விற்கிறார்கள். குடில்களில் படுக்கை உண்டு, 'புதியவர்களுக்கு ஏற்றது' என்றும் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள்: முதல் இரவு மண்டாரா, சுமார் 2,700 மீட்டர், இரண்டாம் இரவு ஹொரொம்போ, 3,720, மூன்றாம் நாள் கிபோ குடில், 4,720. அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளப்பிவிடுகிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது உயர்மலை மருத்துவர்களின் அறிவுரை. இங்கே ஒவ்வொரு நாளும் ஆயிரம் மீட்டர்! இதைப் புதியவர்களுக்கான பயணம் என்று விற்பது அநியாயம். ஏழு எட்டு நாள் எடுக்கும் மச்சாமே, லெமோஷோ பாதைகளில் பகலில் 4,600 மீட்டரிலுள்ள லாவா டவர் வரை ஏற்றி, இரவில் 4,000 மீட்டருக்குக் கீழே பரான்கோவில் தூங்க வைக்கிறார்கள். உடம்பு அப்படித்தான் பழகும்.

உச்சியில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவர் என்பதால் உடம்பு இதைத் தாங்கிவிடும் என்று சொல்ல முடியாது. விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை ஒன்பது முறை வென்ற மார்ட்டினா நவ்ரத்திலோவா 2010 டிசம்பரில் கிளிமஞ்சாரோ ஏறப் போனார். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. பாதியில் கீழே இறக்கி, நைரோபி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. உண்மையில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு: வேகமாக ஏறிவிடுவார்கள். வழிகாட்டிகள் வாய் ஓயாமல் 'போலே போலே' என்பது இதற்காகத்தான். சுவாஹிலியில் மெதுவாக, மெதுவாக என்று பொருள்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை பலருக்கும் வரும். தலைவலியோடு மற்ற தொந்தரவுகளும் சேர்ந்தால் மேலே ஏறாமல் அங்கேயே தங்க வேண்டும். தணியாவிட்டால் இறங்க வேண்டும். வேறு சில அறிகுறிகள் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாதவை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலில் நுரையாகச் சளி வருவது நுரையீரலில் நீர் கோத்ததற்கு அடையாளம். தள்ளாட்டம், குளறல், சம்பந்தமில்லாத பேச்சு மூளை வீங்குவதற்கு அடையாளம். நல்ல வழிகாட்டி இரவு பதினொரு மணிக்கு, உச்சிக்குக் கிளம்பும் பராஃபு முகாமில், டார்ச் வெளிச்சத்தில், சந்தேகமுள்ளவரை ஒரு நேர்கோட்டில் குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டிவைத்து நடக்கச் சொல்வார். கோட்டை விட்டுச் சரிந்தால் உச்சி கிடையாது. அந்த நிமிடமே இறக்கம். பக்கத்தில் ஆளில்லாமல் தனியே அனுப்பவும் கூடாது.

அசெட்டசோலமைடு என்ற மாத்திரையைப் பலர் 'டயமாக்ஸ்' என்ற பெயரில் எடுத்துக்கொள்கிறார்கள். உடம்பு பழக அது துணை செய்யும்; நோயை மறைக்கும் மருந்து அல்ல. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. தூக்க மாத்திரையும் மதுவும் மலையில் வேண்டவே வேண்டாம்.

'முடியவில்லை, இறங்குகிறேன்' என்று சொல்வது பயணியின் உரிமை. அதற்காகக் கூடுதல் பணம் கேட்பார்களா, உடன் இறங்க உதவி வழிகாட்டி உண்டா, மலையடிவார நகரான மோஷியில் முன்கூட்டியே வந்து தங்கும் அறைச் செலவு யாருடையது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். குழுவில் பத்துப் பேர், வழிகாட்டி இரண்டே பேர் என்றால் ஒருவர் இறங்கும்போது மற்ற ஒன்பது பேருக்கு ஒருவர்தான் மிச்சம்.

20 டாலர் மீட்புக் கட்டணம் கட்டியாயிற்றே, ஹெலிகாப்டர் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. வராது. பூங்கா ஆட்கள் ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கீழே இறக்குவதோடு அந்தப் பணம் தீர்ந்தது. ஹெலிகாப்டருக்கும் மருத்துவமனைக்கும் தனிக் காப்பீடு வேண்டும். சாதாரண வெளிநாட்டுப் பயணக் காப்பீடுகள் பல மலையேற்றத்தைச் 'சாகச விளையாட்டு' என்று விலக்கிவிடும்; சில குறிப்பிட்ட உயரம் வரைக்கும்தான் பொறுப்பேற்கும். பாலிசியில் '6,000 மீட்டர் வரை மலையேற்றம்', 'ஹெலிகாப்டர் மீட்பு' என்ற சொற்கள் அச்சில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முகவர் தொலைபேசியில் சொன்ன உறுதி எங்கும் செல்லாது.

எதிர்ப்பக்க மோசடியும் இருக்கிறது. லேசான தலைவலிக்கே பயணியைப் பயமுறுத்தி ஹெலிகாப்டரில் ஏற்றி, காப்பீட்டு நிறுவனத்திடம் கொள்ளைப் பணம் கறந்து, தரகர்கள் பங்கு போட்டுக்கொண்ட கதை நேபாளத்தில் அம்பலமாகி, 2018இல் அரசே விசாரணை நடத்தியது. நடக்க முடிகிறது, பேச்சு தெளிவாக இருக்கிறது, கீழே இறங்கினாலே சரியாகும் என்ற நிலையில் ஹெலிகாப்டருக்குக் கையெழுத்துப் போடுமுன் காப்பீட்டாரின் அவசர எண்ணை அழைத்துப் பேசுங்கள். பல பாலிசிகளில் முன் அனுமதி இல்லாவிட்டால் பணமே வராது. கிளிமஞ்சாரோவின் பல இடங்களில் இப்போது கைப்பேசித் தொடர்பு கிடைக்கிறது என்பது ஓர் ஆறுதல்.

வெஸ்டர்ன் பிரீச் என்ற செங்குத்தான சரிவைச் சிலர் 'கூட்டம் இல்லாத பாதை' என்று ஆசை காட்டுவார்கள். 2006 ஜனவரியில் அங்கே பாறை சரிந்து மூன்று அமெரிக்கர்கள் இறந்தார்கள். வழக்கமான பாதைகள் இத்தனை இருக்கையில் முதல்முறை போகிறவருக்கு இது தேவையில்லாத வேலை.

மறுபடி அந்தச் சுமைகாரர்களிடம் வருவோம். மோஷியில் 2003 முதல் 'கிளிமஞ்சாரோ சுமைகாரர் உதவித் திட்டம்' என்ற அமைப்பு இயங்குகிறது. நியாயமான கூலி, மூன்று வேளைச் சாப்பாடு, குளிர் தாங்கும் கூடாரம் தரும் நிறுவனங்களைக் கண்காணித்துப் பட்டியலிடுகிறது. மலையேறும் உடுப்பை இரவலாகவும் தருகிறது. பணம் கட்டுமுன் அந்தப் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவில்லை. கடைசி நாள் இனாமை உறையில் போட்டுத் தலைமை வழிகாட்டி கையில் கொடுத்துவிட்டுப் போவது பலரின் வழக்கம். அதில் எவ்வளவு சுமைகாரர் கைக்குப் போய்ச் சேரும் என்பது அவருடைய மனசாட்சியைப் பொறுத்தது. எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, யாருக்கு எவ்வளவு என்று உரக்கச் சொல்லி, நேரில் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஏமாற்றப்பட்டால் என்ன வழி? மலையிலேயே என்றால் முகாமில் இருக்கும் பூங்கா ரேஞ்சரிடம் சொல்லலாம். ஒவ்வொரு முகாமிலும் பதிவேடு உண்டு, அதில் நாளும் கையெழுத்தும் இருக்கும். நேரடியாகத் தான்சானிய நிறுவனத்துக்கு வங்கி வழியே முழுப் பணத்தையும் அனுப்பியிருந்தால் திரும்பப் பெறுவது கடினம். முன்பணத்தை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்காதபோது வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

இந்திய முகவர் மூலம் போனவர்களுக்குக் கை கொஞ்சம் பலம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் அலுவலகம் மும்பையில் இருந்தாலும் பயணி தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் புகார் பதியலாம். காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை நிராகரித்தாலோ, புகார் கொடுத்து ஒரு மாதம் பதில் சொல்லாமல் இழுத்தாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது.

எல்லாவற்றுக்கும் கையில் தாள் வேண்டும். நாள்வாரித் திட்டம், எது அடங்கும் எது அடங்காது என்ற பட்டியல், விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், பூங்காக் கட்டண ரசீது, மருத்துவர் சீட்டு ஆகியவற்றைப் புறப்பட்ட நாளிலிருந்தே படமெடுத்து வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கக் காலக்கெடு, குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்.