அடாப்டர் ஏன் தீப்பிடிக்கிறது?

கைப்பேசி சார்ஜர், மடிக்கணினி அடாப்டர், வைஃபை ரூட்டரின் மின்பெட்டி மூன்றும் செய்வது ஒரே வேலைதான். மலேசிய வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 5 முதல் 20 வோல்ட் வரையிலான நேர்மின்சாரமாக அவை மாற்றுகின்றன.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் முதலில் நேர்மின்சாரமாகி, ஏறத்தாழ 325 வோல்ட் அழுத்தத்தில் ஒரு மின்தேக்கியில் சேர்கிறது. அதை ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைத்து, சிறிய மின்மாற்றிக்குள் செலுத்துகிறது. மறுபக்கத்தில் குறைந்த அழுத்தம் வெளிவருகிறது. ஆளைக் கொல்லக்கூடிய பக்கத்தையும் கைபடும் பக்கத்தையும் பிரித்து வைப்பவை சில மில்லிமீட்டர் இடைவெளியும் காப்புப் பூச்சும் மட்டுமே. அந்த இடைவெளி, உள் ஃபியூஸ், எளிதில் தீப்பற்றாத பிளாஸ்டிக் உறை ஆகியவற்றின் அளவையும் தரத்தையும் ஐஇசி 62368-1 என்னும் உலகத் தரவிதி வரையறுக்கிறது. மிக மலிவான போலிகள் பெரும்பாலும் இவற்றில்தான் கை வைக்கின்றன.

நல்ல அடாப்டரும் நாளடைவில் தேய்கிறது. மின்தேக்கியின் உள்ளிருக்கும் திரவம் வெப்பத்தில் வற்றுகிறது. வெப்பநிலை 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. மெத்தைக்கு அடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் சூடு வெளியேறாது என்பதால், அங்கே சார்ஜரை வைக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கருகிய வாடை, ரீங்காரம், உறை வீங்குதல், கை வைக்க முடியாத சூடு ஆகியவை பழுதின் அறிகுறிகள்.

பினாங்கின் சுங்கை பினாங் போன்ற தாழ்வான பகுதிகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2017 நவம்பரில் பினாங்கைத் தாக்கியது போன்ற பெருவெள்ளத்தில் தரையில் கிடக்கும் அடாப்டர்கள் மூழ்குகின்றன. நீர் வற்றினாலும் சேறும் உப்பும் உள்ளே படிந்துவிடும். ஈரக்காற்றில் அப்படிவு மின்சாரத்தைக் கடத்தி, சர்க்யூட் பலகையைக் கருக்கும். நனைந்த அடாப்டரை வெயிலில் காயவைத்து மீண்டும் சொருகுவது ஆபத்து; அதை அப்புறப்படுத்துவதே சரி.

எக்ஸ்டென்ஷனுக்கும் எல்லை உண்டு. 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறத்தாழ 3,000 வாட். பல அடாப்டர்கள் சேர்ந்தாலும் அந்த அளவை எட்டுவதில்லை. மின்கெண்டியும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்தால் தாண்டிவிடக்கூடும். தளர்ந்த இணைப்பு இன்னும் வஞ்சகமானது. அங்கே ஓடும் மின்னோட்டம் வழக்கமான அளவில் இருப்பதால் மின் துண்டிப்பான் (பிரேக்கர்) விழாது, சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். கசிவுத் துண்டிப்பானும் மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால்தான் செயல்படும்.

எனவே பாதுகாப்பு வாங்கும்போதே தொடங்குகிறது. 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி, கட்டுப்படுத்தப்பட்ட வீட்டு மின்கருவிகள் மலேசிய எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். எஸ்டி-சிரிம் முத்திரை அதற்கு அடையாளம். அடாப்டரின் வோல்ட் அளவு கருவிக்குப் பொருந்த வேண்டும். ஆம்பியர் அளவு கருவி கேட்பதைவிடக் குறையக் கூடாது.

தீப்பிடித்தால், பாதுகாப்பாக எட்ட முடிந்தால் மட்டும் முதன்மை விசையை அணைக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. புகை பரவினால் அனைவரும் வெளியேறி 999ஐ அழைக்க வேண்டும்.