தங்க வயலிலிருந்து அயல்நாட்டுக் கல்வி: தொகையும் தவணையும்

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்க வயலில் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம் ஆகியவற்றுடன் ஒருங்கே பேசப்பட்ட பெரும் சுரங்கம் நந்திதுர்க். 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கு தொழிலை விரிவுபடுத்திய காலந்தொட்டு, வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து உழைப்பாளர்கள் வந்து குடியேறினர். அவர்களுள் பெரும் பகுதியினர் ஆதிதிராவிடர். 1956-இல் மைசூர் அரசும் 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் அது மூடப்பட்டபின், மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலேறிச் சென்று உழைப்பதே பல குடும்பங்களின் பிழைப்பாயிற்று.

இத்தகைய குடும்பத்துப் பட்டதாரி ஒருவர் அயல்நாட்டில் மேற்படிப்புக்கு இடம் பெற்றால் வீட்டார் முதலில் கேட்பது, மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதே. இக்கேள்வி நியாயமானது, ஆனால் போதாது. எந்தத் தொகை எந்த மாதத்தில் கைக்கு வரும், எந்த மாதத்தில் கையைவிட்டுப் போகும் என்ற கணக்கே பெரும்பாலும் படிப்பின் விதியை முடிவு செய்கிறது.

டாக்டர் அம்பேத்கரின் மாணவப் பருவம் இதற்குத் தெளிவான சான்றாகும். 1913-இல் பரோடா அரசு அவருக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கியது. பதிலுக்குப் பத்தாண்டுகள் பரோடாவில் பணியாற்ற ஒப்பந்தமும் எழுதப்பட்டது. கொலம்பியாவில் படித்து முடித்து, 1916-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். 1917-இல் உதவித்தொகையின் காலம் முடிந்தது, ஆய்வு முடியவில்லை. நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்ற அனுமதியைப் பெற்றுக்கொண்டே அவர் தாயகம் திரும்பினார். பின்னர் பம்பாய் சிடனாம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். அந்தச் சேமிப்பு, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற கடன் ஆகிய மூன்றையும் சேர்த்து 1920-இல் மீண்டும் லண்டன் சென்றார். 1923-இல் டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது. பணம் தீர்ந்தபோதும் பதிவு தீராமல் காத்துக்கொண்ட அந்த அனுமதி இல்லையேல் மற்ற மூன்றும் பயன்பட்டிரா.

உதவித்தொகையும் சான்றிதழும்

இன்றைய மாணவருக்குரிய முதன்மையான மத்திய உதவி, சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டமாகும். 1954-55-இல் தொடங்கிய இத்திட்டத்தில் இப்போது ஆண்டுக்கு 125 இடங்கள் உள்ளன. அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு உரியவை. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மிகாதிருத்தல் வேண்டும். முதுநிலைப் பட்டமும் ஆய்வுப் பட்டமும் மட்டுமே இதில் அடங்கும். இளநிலைப் பட்டத்துக்கு இடமில்லை. கல்விக் கட்டணம், பராமரிப்புப் படி, விமானக் கட்டணம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைத் திட்டமே ஏற்கிறது. பராமரிப்புப் படி ஆண்டுக்கு 15,400 டாலர். பிரிட்டனில் 9,900 பவுன்.

எனினும், தேர்வு பெறுதல் வேறு, பணம் பெறுதல் வேறு. 2025-26-க்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே தற்காலிக ஆணை அனுப்பப்பட்டது. எஞ்சியோருக்கு நிதி இருப்பைப் பொறுத்தே ஆணை என அறிவிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் திறக்கும் நாளோ நிதியொதுக்கீட்டுக்காகத் தள்ளிப்போவதில்லை. ஆதலின், சேர்க்கையை அடுத்த பருவத்துக்கு ஒத்திவைக்க இடமுண்டா என்பதை விண்ணப்பிக்கும்போதே எழுத்து மூலம் கேட்டு வைத்தல் நலம்.

தங்க வயல் தமிழருக்குச் சான்றிதழ் ஒரு தனிப் பிரச்சினை. தமிழ்நாட்டு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் அம்மாநிலத்தவருக்கு உரியது. மொழி ஒன்றாயினும் நந்திதுர்க் மாணவர் அதைக் கோர இயலாது. அவர் நாட வேண்டியது கர்நாடக அரசின் பிரபுத்தா திட்டத்தையே. அதற்குக் கர்நாடகத்தின் சாதிச் சான்று தேவை. 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, அன்று குடும்பம் எம்மாநிலத்தில் நிலையாக வசித்ததோ அம்மாநிலப் பட்டியலே பொருந்தும். அதன் பின்னர்க் குடியேறியோர் புதிய மாநிலத்தின் சலுகையைக் கோர முடியாது என 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. பாட்டனார் 1950-க்கு முன்னரே சுரங்கத்தில் இருந்தார் என்பதற்குப் பழைய பணிப்பதிவு ஒரு நல்ல சான்றாகலாம். பெட்டியின் அடியில் கிடக்கும் அத்தாளைத் தேடியெடுக்கச் சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திருப்பது ஆபத்து. வட்டாட்சியர் அலுவலகத்தாரும் இவ்விண்ணப்பங்களுக்குப் பின்னால் வேற்று நாட்டுப் பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதி ஒன்று இருப்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

கடனும் ஈடும்

உதவித்தொகை கிட்டாதோர் வங்கியை நாடுகின்றனர். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி ஏழரை லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்பதில்லை. அதற்கு மேற்பட்டால் சொத்து ஈடு வேண்டும். அயல்நாட்டுப் படிப்பில், 4 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு, செலவின் 15 சதவிகிதத்தை மாணவர் தரப்பே ஏற்க வேண்டும். இங்குதான் சுரங்கக் குடியிருப்பின் வரலாறு குறுக்கிடுகிறது. வரிசை வரிசையாக நிற்கும் அவ்வீடுகளைக் கட்டியது சுரங்க நிறுவனம், நிலமும் அதனுடையது. மூன்று தலைமுறை வாழ்ந்த வீடாயினும், குடும்பத்தின் பெயரில் பதிவு செய்த பத்திரம் இல்லையேல் வங்கிக்கு அது ஈடாகாது. சில வங்கிகள் தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் ஈட்டு வரம்பைத் தளர்த்துகின்றன. எனவே பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்குமுன் வங்கியின் பட்டியலைப் பார்ப்பது, தலைகீழ் வழியாகத் தோன்றினும், ஏழைக் குடும்பத்துக்கு ஏற்ற வழியே.

நாட்டைத் தேர்வதும் அவ்வாறே. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் விலக்கு. அங்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர் பருவத்துக்கு 1,500 யூரோ செலுத்த வேண்டும். ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவைத் தனிக் கணக்கில் முன்கூட்டியே கட்டி முடக்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அத்தொகை 11,904 யூரோ. மாதம் 992 யூரோ மட்டுமே அதிலிருந்து எடுக்கலாம். பிரிட்டனோ, தேவையான தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்ததைக் காட்டச் சொல்கிறது. இந்த 28 நாட்களுக்கெனக் கந்துவட்டிக்குப் பணம் வாங்கிக் கணக்கிற் காட்டுவது பெருந்தவறு. விசா கிடைத்தபின் வாழப் பணம் இராது, வட்டி மட்டும் எஞ்சும். வங்கியின் கல்விக்கடன் ஒப்புதல் கடிதத்தையே இதற்குச் சான்றாகக் காட்ட வழியுண்டு.

பகுதிநேர வேலையைக் கணக்கின் அடித்தளமாக்குதல் தகாது. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்குப் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரமே வரம்பு. முதல் சம்பளம் வருமுன் வாடகை முன்பணம் கட்டியாக வேண்டும். பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் தொகை அன்னியச் செலாவணியிலும் கடன் ரூபாயிலும் இருப்பதால் நாணய மாற்று விகிதமும் பட்ஜெட்டைக் குலைக்கும். ஒரு பவுன் 100 ரூபாயாக இருக்கையில் 15,000 பவுன் கட்டணம் 15 லட்சம். 115 ஆனால் பதினேழேகால் லட்சம். கடன் கோரும்போதே பத்து சதவிகிதமேனும் கூட்டிக் கோருவது விவேகம். அங்கீகரிக்கப்பட்ட வங்கிக் கடனிலிருந்து அனுப்பும் கல்விக் கட்டணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் மூலத்தில் வரி வசூலிப்பதில்லை. சொந்தப் பணமாயின், நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேற்படும் பகுதிக்கு வசூலுண்டு. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம்.

ஒப்புதலான கடன் முழுவதையும் ஒரே முறையில் பெறவேண்டியதில்லை. படிப்பு இரண்டாண்டு, சலுகைக் காலம் ஓராண்டு, தனிவட்டி 10 சதவிகிதம் எனக் கொள்வோம். 12 லட்சத்தையும் தொடக்கத்திலேயே பெற்றால் தவணை தொடங்குமுன் சேரும் வட்டி 3,60,000 ரூபாய். பாதியை முதலாண்டின் தொடக்கத்திலும் மறு பாதியை இரண்டாமாண்டின் தொடக்கத்திலும் பெற்றால் அது 3,00,000 ரூபாயாகும்.