ஊசி தேய்ந்தால் பாட்டும் தேயும்!

"என்னங்க, பாட்டு கரகரங்குதே! பெட்டி கெட்டுப் போச்சா?"

வீட்டில் இந்தக் குரல் கேட்டதும் குடும்பத் தலைவர் என்ன செய்வார்? ஸ்குரூ டிரைவரைத் தேடுவார். ரிக்கார்டு பிளேயரைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பலகையைக் கழற்றுவார். உள்ளே இருக்கும் ஒயர்களைப் பார்த்து மலைத்துப் போய் உட்கார்ந்து விடுவார்.

அவசரப்பட வேண்டாம். கோளாறு பெரும்பாலும் பெட்டிக்குள் இருப்பது இல்லை. வெளியே, கண் முன்னால், கையின் நுனியில் இருக்கிறது. அதுதான் ஊசி!

பெட்டியில் வரும் கோளாறு காத்திருக்கும். இந்த மாதம் முடியாவிட்டால் அடுத்த மாதம் பழுது பார்க்கலாம். ஊசிக் கோளாறு அப்படி அல்ல. தேய்ந்த ஊசி ஓடுகிற ஒவ்வொரு முறையும் இசைத்தட்டை அறுத்துக்கொண்டே போகும். அறுபட்ட தட்டை எந்த மெக்கானிக்காலும் சரி செய்ய முடியாது.

சுப்ரபாதம் கேட்கும் ஊர்

அரக்கோணம் பெரிய ரெயில் சந்திப்பு. 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி, தென்னிந்தியாவின் முதல் ரெயில் பாதை ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அந்தப் பாதை இந்த ஊர் வழியாகத்தான் செல்கிறது. இங்கிருந்து வடக்கே பிரியும் பாதை, திருத்தணியைத் தாண்டி, ஆந்திராவுக்குள் புகுந்து, ரேணிகுண்டா போகிறது. திருப்பதிக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வழி.

முன்பு ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960-ம் ஆண்டு நம் மாநிலத்தோடு சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் பகுதி இது. ஒரு பக்கம் முருகன். இன்னொரு பக்கம் வெங்கடாசலபதி.

பழைய ரிக்கார்டு பிளேயர் உள்ள வீட்டில், எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய வெங்கடேச சுப்ரபாதம் இருந்தால் ஆச்சரியம் இல்லை. 1963-ல் எச்.எம்.வி. வெளியிட்ட எல்.பி. தட்டு அது. கூடவே டி.எம்.சவுந்தரராஜனின் முருகன் பாட்டு இருக்கும். கண்டசாலாவின் தெலுங்குத் தட்டு ஒன்றும் இருக்கலாம்.

இப்போது ஒரு கணக்கு.

எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33 சுற்றும் இன்னொரு மூன்றில் ஒரு பங்கும் சுற்றும். ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம் ஓடும். ஏறத்தாழ 667 சுற்று. அந்தப் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தை நூல்போல் பிரித்து நீட்டினால் 400 மீட்டருக்கு மேல் வரும். ரெயில் நிலையத்தின் நீண்ட பிளாட்பாரத்தை ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை நடந்து பாருங்கள். தினமும் காலையில் அந்தத் தூரத்தை உங்கள் வீட்டு ஊசி உராய்ந்துகொண்டே கடக்கிறது!

ஊசி முனையில் இருப்பது ஒரு சிறு கல். விலை குறைந்த பிளேயர்களில் சபையர் கல். உயர்ந்த ரகத்தில் வைரம். சபையர் ஊசி சுமார் 50 மணி நேரம் உழைக்கும். வைர ஊசி 500 மணியில் இருந்து 1,000 மணி வரை தாங்கும்.

தினம் 20 நிமிடம் சுப்ரபாதம் வைத்தால் 50 மணி எப்போது முடியும்? 150 நாளில். பொங்கலுக்குப் போட்ட சபையர் ஊசி, வைகாசி முடியும்போது ஓய்வு கேட்கும்.

ஆனால் பல வீடுகளில், தாத்தா வாங்கிய ஊசியே பேரன் காலத்திலும் ஓடிக்கொண்டு இருக்கிறது. "ஊசியை எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டால், "அதை வேற மாத்தணுமா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

தேய்ந்த ஊசியை வெறும் கண்ணால் பார்த்தால் தெரியாது. காதால் தெரியும். பாட்டில் 'ச', 'ஸ' வரும் இடங்களைக் கவனியுங்கள். துணி கிழிவதுபோல் கேட்டால் ஊசியைச் சந்தேகிக்கலாம்.

அடுத்த சோதனை: இரண்டு மூன்று தட்டுகளை மாற்றிப் போடுங்கள். எல்லாத் தட்டும் கரகரத்தால் குற்றவாளி ஊசி. ஒரு தட்டு மட்டும் கரகரத்தால் தட்டில்தான் கோளாறு. இந்தச் சோதனைக்கு நல்ல தட்டை எடுக்காதீர்கள். போனால் போகட்டும் என்று ஒதுக்கி வைத்த தட்டு போதும்.

பக்கத்தின் ஆரம்பத்தில் நன்றாக இருந்து, கடைசிப் பாட்டில் மட்டும் குரல் பிசிறுகிறதா? அதற்கும் காரணம் உண்டு. தட்டின் ஓரத்தில், ஊசிக்குக் கீழே பள்ளம் வினாடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் வேகத்தில் நகருகிறது. நடுப்பகுதிக்கு வந்தால் சுமார் 20 சென்டிமீட்டர்தான். அதே பாட்டைக் குறுகிய இடத்தில் நெருக்கி எழுத வேண்டி இருக்கிறது. நெருக்கமான எழுத்தைப் படிக்க கூர்மையான ஊசி வேண்டும். அதனால் ஊசியின் தேய்மானம் கடைசிப் பாட்டில்தான் முதலில் தெரியும்.

ஊசி முனையில் பஞ்சுபோல் தூசி சேர்ந்து இருந்தாலும் குரல் அடைக்கும். மெல்லிய பிரஷ்ஷால், பின்னால் இருந்து முன்னால் ஒரே திசையில் தடவி எடுத்தால் போதும். விரலால் தொடக்கூடாது. குழந்தைகள் தொட்டு 'டர்ர்' என்று சத்தம் கேட்டு மகிழ்வார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

காசு வைக்கலாமா?

ஊசி தாவுகிறது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது. பேசியதையே பேசுகிறவரை 'கீறல் விழுந்த ரிக்கார்டு' என்று நாம் கேலி செய்வது இதை வைத்துத்தான்.

உடனே என்ன செய்கிறார்கள்? ஒரு காசை எடுத்து ஊசிக்கு மேலே வைத்து விடுகிறார்கள். தாவல் நின்று விடுகிறது. "பார்த்தாயா, நானே ரிப்பேர் செய்துவிட்டேன்!" என்று அப்பாவுக்கு ஒரே பெருமை.

இது கைவைத்தியம் அல்ல; கொலை! காந்த ரகக் கார்ட்ரிட்ஜ், தட்டின்மேல் அழுத்த வேண்டிய எடை சுமார் 2 கிராம்தான். ஒரு ரூபாய்க் காசின் எடை ஏறத்தாழ 4 கிராம். காசை வைத்ததும் சுமை மூன்று மடங்காகிறது. அந்தச் சுமையோடு ஊசி பள்ளத்தின் சுவரைச் செதுக்குகிறது. பழைய பெட்டிகளின் 'கிரிஸ்டல்', 'செராமிக்' ரகம் இன்னும் கொஞ்சம் அதிக எடை தாங்கும். அதற்கும் காசு கூடாது.

தாவலுக்கு வேறு காரணங்களைத் தேடுங்கள். பெட்டி சாய்ந்து இருக்கிறதா? மேஜைக்கால் ஒன்று ஆடுகிறதா? கையின் பின்புறம் உள்ள எதிர் எடை இடம் நகர்ந்து விட்டதா? கைக்கு அடியில் போகும் ஒயர் எதிலாவது சிக்கி இழுக்கிறதா?

அரக்கோணத்தில், தண்டவாளத்தை ஒட்டி வீடு உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கனத்த சரக்கு ரெயில் போனால் தரை அதிரும். தரையின் அதிர்ச்சி மேஜைக்கு ஏறும். மேஜையில் இருந்து ஊசிக்கு ஏறும். சுவரில் உறுதியாக அடித்த பலகையின்மேல், கனமான கடப்பைக்கல் ஒன்றைப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்தால் அதிர்ச்சி குறையும். ஸ்பீக்கரை அதே பலகையில் வைக்கக்கூடாது. ஸ்பீக்கரின் அதிர்வை ஊசி மறுபடி கேட்டு, மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும். அதனால்தான் சத்தத்தைக் கூட்டும்போது பெட்டி ஊளையிடுகிறது.

அரக்குத் தட்டு

பழைய 78 சுற்றுத் தட்டு வைத்து இருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அது வேறு ஜாதி! எல்.பி. தட்டு ஒருவகைப் பிளாஸ்டிக். 78 தட்டு அரக்கு சேர்த்துச் செய்தது. அரக்கோணத்தில் அரக்குத் தட்டு என்றால் சிரிப்பு வரும். ஆனால் உண்மை அதுதான். மரத்தில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அவலரக்கு அது.

தூசி போகட்டும் என்று ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைக்கிறவர்கள் உண்டு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும்! துடைத்த இடத்தில் பள்ளமும் இருக்காது, பாட்டும் இருக்காது. சுத்தமான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் விட்டு, மெல்லிய துணியால் பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடைக்கவும். நடுவில் உள்ள காகித லேபிள் நனையக்கூடாது. பிறகு நல்ல தண்ணீரில் துடைத்து, நிழலில் நிமிர்த்தி உலர வைக்கவும்.

78 தட்டின் பள்ளம், எல்.பி. தட்டின் பள்ளத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அகலம். அதற்குத் தனி ஊசி. 1950-60களில் வந்த பல பெட்டிகளில், கையின் நுனியில் ஒரு சிறு திருகு இருக்கும். ஒரு பக்கம் '78' என்றும் மறு பக்கம் 'எல்.பி.' என்றும் எழுதி இருக்கும். அதைத் திருப்ப மறந்தால் எல்.பி. ஊசி 78 தட்டின் பள்ளத்தில் தரையைத் தொட்டு உருளும். இரைச்சல்தான் வரும். 78 ஊசி எல்.பி. தட்டில் ஏறினாலோ தட்டு பாழ். சாவி கொடுக்கும் கிராமபோனில் போடும் இரும்பு ஊசியை, ஒரு பக்கம் முடிந்ததும் எறிந்துவிட்டு வேறு போடுவதுதான் முறை.

இவ்வளவு பாடு எதற்கு? நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்த எஸ்.ஜி.கிட்டப்பா, 1933-ல், 27-வது வயதில் இறந்து போனார். அவர் குரல் எப்படி இருந்தது என்பதற்கு இசைத்தட்டுகள்தான் சாட்சி. அப்படிப்பட்ட தட்டு ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், தேய்ந்த ஊசியை அதன்மேல் வைக்க மனம் வருமா?

இழுக்கும் பாட்டு

டி.எம்.சவுந்தரராஜன் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோலவும், பி.சுசீலா குழந்தைக் குரலில் பாடுவதுபோலவும் கேட்டால் அது வேகக் கோளாறு. இதைச் சோதிக்கக் கருவி தேவை இல்லை. தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகுங்கள். கடிகாரத்தைப் பார்த்தபடி சுற்றை எண்ணுங்கள். 33 வேகத்தில் 3 நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று வர வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

100-க்குக் குறைந்தால், தட்டைச் சுற்றும் ரப்பர் சக்கரமோ பெல்ட்டோ வழுக்குகிறது. எண்ணெய் பட்டு இருந்தால் துடைக்கலாம். ரப்பர் இறுகி வெடித்து இருந்தால் மாற்ற வேண்டும். "சரியாகச் சுற்றவில்லையே" என்று ரப்பருக்கு எண்ணெய் விடாதீர்கள். அது இன்னும் வழுக்கும்.

அமெரிக்காவில் இருந்து வந்த பழைய பெட்டி என்றால் கதை வேறு. அங்கே மின்சாரம் 110 வோல்ட் அளவு, 60 சைக்கிள். இங்கே 230 வோல்ட், 50 சைக்கிள். நேரே செருகினால் மோட்டார் கருகும். டிரான்ஸ்பார்மர் போட்டு வோல்ட்டைக் குறைத்தாலும், 50 சைக்கிளில் அந்த மோட்டார் மெதுவாகவே சுற்றும்.

'ம்ம்ம்' என்று ஓயாத முனகல் கேட்டால் எர்த் ஒயரைப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஊமையானால், ஆம்பிளிபயருக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் இடம் வலமாக மாற்றிச் செருகுங்கள். ஊமை அடுத்த ஸ்பீக்கருக்கு மாறினால் கோளாறு பிளேயர் பக்கம். அதே ஸ்பீக்கரிலேயே நின்றால் ஆம்பிளிபயர் பக்கம். இரண்டு காசு செலவு இல்லாத பரீட்சை இது! ஆனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஒயரைத் தொட வேண்டும். வால்வு வைத்த பழைய ரேடியோவோடு பிளேயரை இணைத்து இருந்தால், அதன் உள்ளே கை வைக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கி இருக்கும்.

புதிதாகப் பிளேயர் வாங்குகிறவர்களும் இப்போது உண்டு. அமெரிக்காவில் 2022-ம் ஆண்டு, சி.டி.க்களை விட இசைத்தட்டுகள் எண்ணிக்கையில் அதிகம் விற்றன. 1987-க்குப் பிறகு அது முதல் தடவை. புதிய பெட்டியில் வரும் புகார், "சத்தம் மெலிந்து, தகரம்போல் இருக்கிறது" என்பது. தட்டில் பாட்டைப் பதியும்போது, இடம் மிச்சப்படுத்த, கனத்த ஒலியைக் குறைத்துப் பதிகிறார்கள். ஆம்பிளிபயரில் 'போனோ' என்று எழுதிய துளைதான் அதைப் பழையபடி கூட்டித் தரும். வேறு துளையில் செருகினால் மிருதங்கம் டப்பா ஆகிவிடும்.

எங்கே வாங்குவது?

ஒரு காலத்தில் பழைய தட்டு என்றால் சென்னை மூர் மார்க்கெட். அது 1985-ல் தீயில் அழிந்தது. அந்த இடத்தில்தான் இன்று சென்டிரலின் புறநகர் ரெயில் நிலையம் நிற்கிறது. அரக்கோணத்தில் ஏறிய மின்சார ரெயில், சுமார் 70 கிலோமீட்டர் ஓடி, பழைய பாட்டு விற்ற அதே இடத்தில் போய் நிற்கிறது!

எலெக்ட்ரானிக் சாமான் தேடுவோர் அங்கிருந்து ரிச்சி தெருவுக்குப் போகிறார்கள். கடைக்குப் போகும்போது பழைய ஊசியைக் கழற்றி ஒரு தீப்பெட்டியில் வைத்து எடுத்துப் போகவும். கார்ட்ரிட்ஜ் மேல் உள்ள எழுத்தையும் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொள்ளவும். சபையரா, வைரமா என்று கேட்டு வாங்கவும். புது ஊசி போட்ட தேதியைப் பெட்டியின் மூடிக்கு உள்புறம் எழுதி ஒட்டவும்.