மீன் தொட்டியும் ஈரச் சுவரும்



போன முறை சர்க்கரை வியாதி பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை மீன் தொட்டி. "டிரசருக்கு வேறு வேலை இல்லையா?" என்று சிரிக்காதீர்கள். லயத்தில் இன்று பத்து வீட்டுக்கு மூன்று வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது. பாசார் மாலாமில் கப்பி, தங்கமீன், சண்டை மீன் எல்லாம் கிடைக்கிறது. கொஞ்சம் காசு உள்ளவர்கள் லோஹான் வளர்க்கிறார்கள். அழகான பொழுதுபோக்குதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொட்டியிலிருந்து தினமும் தண்ணீர் குறைகிறதே, அது எங்கே போகிறது என்று யாராவது யோசித்தீர்களா?

எங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஒரு குடும்பம். மகளுக்கு ஏழு வயது, மூச்சு இழுப்பு உண்டு. ஒரே மாதத்தில் மூன்று ராத்திரி கேஸ் கொடுக்கக் கொண்டுவந்தார்கள். அப்பா வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பதில்லை. பூனை, நாய் இல்லை. பம்ப்பையும் ஒழுங்காக அடிக்கிறார்கள். எனக்குக் காரணம் பிடிபடவில்லை.

லயத்தைச் சுற்றிப் பார்க்கும் நாளில் அந்த வீட்டுக்குள் போனேன். வாசலிலேயே பூசண வாடை மூக்கில் ஏறியது. பிள்ளைகள் படுக்கும் அறையில் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு தொட்டி. மூடி கிடையாது. மேலே விளக்கு ராத்திரி முழுக்க எரிகிறது. காற்றுக் குழாய் கொளகொளவென்று குமிழி விடுகிறது. சுவரில் நிற்கிற காற்றாடி நேரே தொட்டி மேல் அடிக்கிறது. ஜன்னல், கொசுவுக்குப் பயந்து மூடியே கிடக்கிறது. தொட்டிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியிலும் அதே கறுப்பு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "முதல்ல இந்த மீனை ஆத்துல கொண்டு போய் விடு தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா என்னை அஞ்சடிக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஐயா, அவரு குடியை விட்டதே இந்த மீன் வந்த பொறகுதான். சாயங்காலம் ஆனா அதுகிட்டதான் உக்காந்திருக்காரு. வேற வழி ஏதும் இருந்தா சொல்லுங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். (வளர்ப்பு மீனை ஆற்றில் விடச் சொன்னதும் தப்பு. வெளியூர் மீன் நம் ஆற்று மீன்களைத் தின்று அழித்துவிடும்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். பத்தடிக்குப் பத்தடி, ஒன்பதடி உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 28 டிகிரி சூட்டில் அந்த அறைக் காற்று தாங்கக்கூடிய ஈரம் மொத்தம் ஏறக்குறைய 700 கிராம்தான். அரைப் போத்தல் மினரல் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் காற்றின் ஈரம் சாதாரணமாகவே 80 சதவீதம், ஆகவே 550 கிராம் ஏற்கனவே அதில் இருக்கிறது. விடியற்காலை சூடு 24 டிகிரிக்கு இறங்கினால் காற்றால் தாங்க முடிவதே சுமார் 550 கிராம். அதற்கு மேல் ஒரு சொட்டு வந்தாலும் சுவரிலும் கண்ணாடியிலும் துணியிலும்தான் படியும்.

இப்போது தொட்டியை அளப்போம். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்டி, பேனாவால் கோடு போடுங்கள். அந்த வீட்டுத் தொட்டியில் மட்டம் ஒரு செண்டிமீட்டர் இறங்கினால் நான்கு லிட்டர் போய்விட்டது என்று கணக்கு. நான்கு நாளில் ஒரு செண்டிமீட்டர் இறங்கியது. அதாவது நாளுக்கு ஒரு லிட்டர், மூடிய அறையில், பிள்ளைகள் தூங்கும் இடத்தில்! உங்கள் வீட்டில் இரண்டடிக்கு ஓரடித் தொட்டி என்றால் ஒரு செண்டிமீட்டருக்கு 1.8 லிட்டர் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

ஈரம் தங்கினால் இரண்டு வேண்டாத விருந்தாளிகள் வருவார்கள். ஒன்று பூசணம். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி. அது மெத்தையிலும் தலையணையிலும் குடியிருந்து, நம் தோல் உதிர்வதைத் தின்று வாழ்கிறது. காற்றில் ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் அதற்குப் பிழைப்பு இல்லை. நம் நாட்டில் ஏர்கோன் இல்லாமல் அந்த அளவுக்கு இறக்குவது கஷ்டம்தான், ஆனாலும் 90ஐ 75க்குக் கொண்டுவந்தால் சுவர் காயும். ஈரம் காட்டும் சின்ன மீட்டர் கடையில் கிடைக்கிறது. விலை அதிகமில்லை, நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும்.

மீன் மட்டும்தான் குற்றவாளி என்று நினைக்க வேண்டாம். மழை நாளில் வீட்டுக்குள் காயப்போடுகிற ஒரு வாளித் துணியிலிருந்து ஒன்றிரண்டு லிட்டர் ஈரம் வருகிறது. சோறு வடிக்கிற ஆவி இருக்கிறது. கூரை ஒழுகினால் கேட்கவே வேண்டாம். அந்த வீட்டில் பின் சுவர் ஓரம் பீலி உடைந்து மழைத் தண்ணீர் சுவரிலேயே இறங்கியது. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டப்படி (446ஆவது சட்டம்) வீட்டைப் பழுது பார்த்துக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. நான் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். கிளைத் தலைவரும் கூட வந்து ஆபீசில் உட்கார்ந்த பிறகுதான் பீலி மாற்றினார்கள். ஆகவே, சுவர் நனைந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டிக்கு நாங்கள் செய்தது இதுதான். முதலில் அறையிலிருந்து முன் வாசல் பக்கம், ஜன்னல் ஓரமாக மாற்றினோம், வெயில் நேரே படாத இடமாகப் பார்த்து. சுவரை ஒட்டி வைக்கவில்லை, ஒரு சாண் இடைவெளி விட்டோம். பெர்ஸ்பெக்ஸ் தகடு வெட்டி மூடி போட்டோம். தீனி போடவும் காற்றுக் குழாய்க்கும் ஒரு மூலையில் இடம் விட வேண்டும், தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே கொஞ்சம் காற்றும் வேண்டும். குழாயின் குமிழி வேகத்தைக் குறைத்தோம். விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிவதில்லை. காற்றாடியைத் தொட்டி பக்கம் திருப்பினால் தண்ணீர் இன்னும் வேகமாக ஆவியாகும், ஆகவே அது இப்போது ஜன்னலைப் பார்த்து வெளியே அடிக்கிறது. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, மழை இல்லாத நாளில் பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள். அதே ஒரு செண்டிமீட்டர் இறங்க இப்போது இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது.

டப்பாவில் கரி, உப்பு, அரிசி வைத்தால் ஈரம் இழுக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அலமாரிக்குச் சரி. தினமும் ஒரு லிட்டர் வரும் இடத்தில் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பூசணத்தைக் காய்ந்த துணியால் தட்டாதீர்கள், தூள் பறந்து நெஞ்சுக்குள் போகும். முகமூடி போட்டு, ஜன்னலைத் திறந்து, சவர்க்காரத் தண்ணீரால் துடையுங்கள். குளோராக்ஸ் போட்டால் தனியாக மட்டும் போடுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டையோ காடியையோ அதில் கலந்தால் விஷக்காற்று கிளம்பும். இழுப்புள்ள பிள்ளையை அந்த நேரம் வெளியே அனுப்பிவிடுங்கள், மீன் தொட்டியிலும் தெறிக்கக் கூடாது.

அந்தப் பெண்ணுக்கு இழுப்பு அடியோடு போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. பம்ப்பு இன்னும் பையில் இருக்கிறது, டாக்டர் தினமும் அடிக்கச் சொன்னதை நிறுத்தவும் கூடாது. ஆனால் பீலி மாற்றி, சுவர் காய்ந்து, மெத்தை மாற்றிய பிறகு நான்கு மாதத்தில் ஒரே ஒரு ராத்திரிதான் வந்தார்கள். பிள்ளை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, விலா எலும்பு உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்காதீர்கள். பம்ப்பை அடித்துக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். கத்தி பட்டோ செம்பனை முள் குத்தியோ கையில் காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீன் தண்ணீரில் உள்ள ஒரு வகைக் கிருமியால் வரும் கட்டி வாரக்கணக்கில் ஆறாது. அப்படி இருந்தால் "மீன் வளர்க்கிறேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள், கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

மீன் செத்துப்போய்த் தொட்டி சும்மா கிடந்தால் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். மீன் இல்லாத தொட்டி டிங்கிக் கொசுவுக்கு மாளிகை. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசுப் புழு கண்டால் அபராதம் எழுதுவார்கள், அதைக் கட்டுவது நீங்கள்தான், தோட்ட ஆபீஸ் அல்ல.