உள்ளே போன தங்கம் வெளியே வருமா?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மண்ணூர்பேட்டையில் எங்க தெருமுனை டீக்கடை. லேத் பட்டறை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் போனை நீட்டினார். "தம்பி, நீ இதெல்லாம் தேடிப் படிக்கிற ஆளு. இது நெஜமான்னு பாத்துச் சொல்லு."

வாட்ஸப் ஃபார்வர்டு. தங்கத் துகளை ஊசியில் ஏற்றி லேசர் அடித்தால் அஞ்சு நிமிஷத்தில் கேன்சர் காலி, கத்தியே வேண்டாம் என்று இருந்தது. கடைசியில் யாரோ, "நம் முன்னோர் தங்க பஸ்பம் சாப்பிட்டது இதற்குத்தான்" என்று ஒட்டியிருந்தார்கள்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அண்ணனோட தங்கச்சிக்கு மார்பில் கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்து, ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. இந்த ஃபார்வர்டைப் பார்த்துவிட்டு, தேதியைத் தள்ளிப்போடலாமா என்று அவங்க யோசிக்கிறாங்களாம். அதனால் அந்த வாரம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படித்தேன். நான் டாக்டர் இல்லை, பி.இ. படித்த சாஃப்ட்வேர்க்காரன். புரிந்ததைச் சொல்றேன்.

முதல்ல ஒரு சின்ன சோதனை. இருட்டில் போன் டார்ச்சை விரலுக்கு அடியில் வைத்துப் பாருங்க. விரல் சிவப்பாகத் தெரியும். வெள்ளை ஒளியில் இருக்கும் நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது, சிவப்பு மட்டும் தாண்டி வருகிறது. சிவப்புக்குச் சற்று அப்பால், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகப் போகும். சுமார் 650 முதல் 900 நானோமீட்டர் வரையிலான இந்த அலைநீளங்கள்தான் உடம்புக்குள் ஒளி நுழைய நமக்கு இருக்கும் ஜன்னல்.

அந்த ஒளியைச் சதை பெரிதாக உறிஞ்சாது. ஆனால் கட்டிக்குள் மட்டும் உறிஞ்சும் பொருள் ஒன்று உட்கார்ந்திருந்தால்? வெயிலில் நிற்கும் கறுப்பு பைக் சீட் மாதிரி அது மட்டும் சூடாகும். பக்கத்தில் இருக்கும் செல்லும் அந்தச் சூட்டில் சாகும். மொத்த யோசனையும் இவ்வளவுதான்.

ஏன் தங்கம்? மிகச் சின்ன தங்கத் துகளில் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊஞ்சல் ஆடும். எந்த அலைநீளத்துக்கு ஆடும் என்பதைத் துகளின் அளவும் வடிவமும் முடிவு செய்கின்றன. சாதாரணத் தங்க உருண்டை பச்சை ஒளியைத்தான் உறிஞ்சும், அது நமக்கு உதவாது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ் குழு, சிலிக்கா உருண்டை மேல் மெல்லிய தங்க ஓடு போர்த்தி, உறிஞ்சும் இடத்தை 800 நானோமீட்டர் பக்கம் நகர்த்தியது. மொத்தத் துகளும் சுமார் 150 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சம் நானோமீட்டர் என்றால் அளவைப் பார்த்துக்கோங்க. 2003-ல் ஹாலஸும் ஜெனிஃபர் வெஸ்டும் மார்பகப் புற்றுநோய் செல்களிலும் எலிகளின் கட்டிகளிலும் இது வேலை செய்வதைக் காட்டினார்கள்.

இதே துகளை வைத்துப் படமும் எடுக்கலாம். லேசரைத் தொடர்ச்சியாக அடிக்காமல், நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரம் மட்டும் துடிப்பாக அடித்தால், துகள் லேசாகச் சூடாகி விரியும். அந்த விரிவு ஒலி அலையாகக் கிளம்பும். ஸ்கேன் சென்டரில் வயிற்றில் வைப்பார்களே, அதே மாதிரியான அல்ட்ராசவுண்ட் கருவி அதைப் பிடித்துப் படமாக்கும். ஒளி பட்டால் ஒலி வரும் என்பதை 1880-லேயே கவனித்தவர் டெலிபோன் புகழ் கிரஹாம் பெல்.

மனிதர்களிடம்? நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் 16 பேரிடம் முயன்று, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் நாள் ரத்தக் குழாய் வழியே துகள், அடுத்த நாள் ஊசி வழியே லேசர் இழை. 15 பேருக்குத் திட்டமிட்டபடி செய்து முடித்தார்கள். ஆனால் எல்லாமே புராஸ்டேட் புற்றுநோய். பரவாதது, ஆபத்து குறைந்த அல்லது நடுத்தர ரகம்.

இதையெல்லாம் அடுத்த ஞாயிறு அண்ணனிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி. "லேத்துல வேல முடிஞ்சா இரும்புச் சுருளெல்லாம் வாரி எடுக்கறோம்ல. உள்ள போன தங்கத்த யாரு வாருவா?"

இந்தத் துறை வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அதுதான். டொரன்டோவின் வாரன் சான் குழு, பத்து வருஷத்து ஆய்வுகளை அலசி 2016-ல் ஒரு கணக்குச் சொன்னது. ஊசியில் போடும் நானோ துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்வது, இடைநிலை மதிப்பாக, 0.7 சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டுமானால் துகள் சுமார் 6 நானோமீட்டருக்குள் இருக்கணும். அவ்வளவு சின்னதாகச் செய்தால், ஜன்னலில் வரும் ஒளியை உறிஞ்சாது. எங்க பாஷையில் சொன்னால் மெமரி லீக். எடுத்துக்கொண்ட இடத்தைத் திருப்பித் தராத ப்ரோக்ராம்.

இதற்கு ஒரு நல்ல விடை நம்ம நாட்டிலிருந்து வந்தது. ஐஐடி பம்பாயில் அரவிந்த் குமார் ரங்கன், ரோஹித் ஸ்ரீவஸ்தவா ஆகியோரும், நவி மும்பையில் டாடா மெமோரியலின் ஆய்வு மையத்தில் இருக்கும் அபிஜித் டேவும் சேர்ந்து செய்த வேலை, 2015-ல் வெளியானது. லிபோசோம் என்ற கொழுப்பு உருண்டை மேல் தங்கத்தைப் படிய வைத்தார்கள். முழுசாக இருக்கும்போது அகச்சிவப்பை உறிஞ்சும். 750 நானோமீட்டர் லேசர் அடித்ததில் எலிகளின் கட்டி கரைந்தது. வேலை முடிந்தபின் கல்லீரல் செல்களில் உருண்டை உடைந்து, தங்கம் பொடிப்பொடியாகி, பித்தம் வழியாகவும் சிறுநீர் வழியாகவும் வெளியேறியது. அண்ணன் கேட்டதற்கு, எலி அளவில் கிடைத்த பதில் இது.

தங்க பஸ்பம்? அது வாய்வழி போவது. குறிப்பிட்ட அலைநீளத்துக்கென்று அளந்து செய்த வடிவமும் இல்லை, மேலே அடிக்க லேசரும் இல்லை. பெயரில் தங்கம் இருப்பது மட்டும்தான் ஒற்றுமை.

அண்ணனிடம் சொன்னேன்: "ஃபார்வர்டுல இருக்கறது முழுப் பொய் இல்லண்ணே. ஆனா தங்கச்சிக்கு இன்னிக்கு யாரும் செய்யப்போற வைத்தியம் இல்ல. டாக்டர் சொன்ன தேதிய மாத்தாதீங்க." மாற்றவில்லை. ஆபரேஷன் அன்றே நடந்தது, இப்போ அடுத்தகட்டச் சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த மாதிரி செய்தி உங்களுக்கும் வரும். வந்தால் நாலு கேள்வி கேளுங்க. எலியிலா, மனிதரிலா? எந்த உறுப்பில்? பரவிய நோயா, பரவாததா? நாலாவது, அண்ணனோட கேள்வி: உள்ளே போனது வெளியே வருமா?